மூடி போட்டியா?

பிப்ரவரி 6

அக்கா,

தபாலை பிளாக் பண்ண முடியாது. அதான் இந்த லெட்டர்.

போன்ல பிளாக். மெயில்ல பிளாக். குடும்ப குரூப்ல நான் ஒரு குட்மார்னிங் போட்டாக்கூட நீ வெளிய போயிடற. அம்மா மறுபடி சேக்கறாங்க, நீ மறுபடி போற. கட்டை விரல் வலிக்குதுன்னு அம்மா சொல்றாங்க. பாவம்ல. அதனால வாழ்க்கைல மொத தடவையா ஸ்டாம்ப் வாங்கினேன். எங்க ஒட்டணும்னு வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன். சிரிக்காத.

பேப்பர்ல அழிக்க முடியல, அதனால அடிச்சு அடிச்சு எழுதியிருக்கேன். நீ படிச்சியா இல்லையான்னும் எனக்குத் தெரியாது. பழைய காலத்து ஆளுங்க எப்படித்தான் உயிரோட இருந்தாங்களோ.

சரி, மேட்டருக்கு வரேன். கோர்ட்ல சொல்ற மாதிரி மொதல்லருந்து சொல்றேன், என் பக்கமும் கேளு.

நம்ம படகு தூங்குமூஞ்சி கரையில நிக்கும்போது மழைத்தண்ணி வடியறதுக்கு, அவளோட பின்பக்கத்து அடியில ஒரு ஓட்டை. தண்ணில இறக்கறதுக்கு முன்னாடி பித்தளை மூடியை அதுல திருகணும். நாம படகு வாங்கின நாள்லருந்து ஒரே வழக்கம்தான். நீ கேப்ப, நான் பாத்துட்டு சொல்வேன். மூடி போட்டியா? ஃபேன் போட்டியா? மோந்து பாத்தியா? மூடி தண்ணிக்கு. ஃபேன், இன்ஜின் ரூம்ல தேங்கின பெட்ரோல் ஆவியை வெளிய தள்ளறதுக்கு. அப்புறம் நம்பிக்கை இல்லாம மூக்கையே விட்டு மோந்து பாக்கறது. மூணும் ஓகேன்னாதான் சாவி.

அன்னைக்கு நீ கேட்ட. நான் "ஆமா ஆமா"ன்னேன். ஆனா மூடி உன் கோட் பாக்கெட்ல இருந்துச்சு. படகு பின்னாடி சாஞ்சப்ப நீ பாக்கெட்ல கை விட்டு, அதை எடுத்து, உள்ளங்கைல வெச்சுப் பாத்த பாரு, அந்த மூஞ்சி! நான் போன்ல ஓட்டிக்கிட்டிருந்த லைவ்ல அது அப்படியே போயிடுச்சு. அன்னைக்கே நான் வீடியோவை நெட்லருந்து எடுத்துட்டேன்க்கா, சத்தியமா. அதுக்குள்ள எவனோ காப்பி அடிச்சு, மியூசிக் போட்டு, "மூடி அக்கா"ன்னு பேரும் வெச்சுட்டான்.

அதுக்கு நான் என்ன பண்ண?

தூங்குமூஞ்சி இப்ப படகு ரிப்பேர் யார்டுல ஸ்டாண்டு மேல நிக்கறா. தண்ணி போன ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழட்டியாச்சு. ஆயில்ல தண்ணி கலக்கல, அது பெரிய விஷயம். மெக்கானிக் அண்ணன் வந்து பாத்துட்டு "உம்"னார். அவர் "உம்"னாலே பாதி ரிப்பேர் முடிஞ்ச மாதிரி.

ஒரு பதில் போடு. திட்டியாவது போடு.

தம்பி

•

பிப்ரவரி 14

தம்பிக்கு,

கடிதம் வந்தது. ஸ்டாம்பைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறாய். அந்த வீடியோவை இன்னொரு முறை பார்.

எனக்கு உன்னைப் போலப் பேசுவது போல எழுத வராது. பேனாவைப் பிடித்தாலே பள்ளிக்கூடக் கட்டுரைதான் வருகிறது. நீயும் சிரிக்காதே.

படகில் தண்ணீர் புகுந்ததற்காக நான் கோபப்படவில்லை. மூடி என் பாக்கெட்டில்தான் இருந்தது. அதைத்தான் உலகமே பார்த்துவிட்டதே. போன வாரம் எங்கள் லேபுக்குப் பல் செட்டுக்கு அளவு கொடுக்க ஒரு பெரியவர் வந்தார். வாய் நிறைய அச்செடுக்கிற மாவு வைத்த தட்டோடு உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்ததும் விரலை நீட்டி "ஊ ஈ! ஊ ஈ!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார். மூச்சு அடைக்கிறதோ என்று டாக்டர் ஓடி வந்தார். தட்டை எடுத்த பிறகு பெரியவர் சொன்னது: "மூடி! மூடி அக்காதானே நீங்க?"

இதையும் பொறுத்துக்கொண்டேன். என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

நான் கேட்டேன். நீ "ஆமா ஆமா" என்றாய். என்னைப் பார்த்து இல்லை, போனைப் பார்த்து. லைவில் யாரோ முகம் தெரியாதவன் "படகு சூப்பரா?" என்று கேட்டிருந்தான், அவனுக்குப் பதில் சொன்னாய். நான் உன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். உன் வீடியோவை நானும் பார்த்தேன், ஒன்றுக்குப் பத்து முறை. நான் கேட்கும்போது ஒரு தடவைகூட நீ திரும்பவில்லை.

எங்கள் பல் டாக்டருக்கு மீன் பிடிக்கப் படகு வேண்டுமாம். தூங்குமூஞ்சியைக் கொடுத்துவிடலாம் என்று அவரிடம் பேச்சு வாக்கில் சொல்லியிருக்கிறேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். மார்ச்சில் நேரில் வந்து பார்ப்பார். என் பாதியை நான் கொடுக்கத் தயார். உன் பாதியைப் பற்றி நீ யோசி.

சாப்பிடுகிறாயா ஒழுங்காக?

அக்கா

•

பிப்ரவரி 20

அக்கா!!!

பாதியா? எந்தப் பாதி? முன் பாதி எனக்கு, இன்ஜின் இருக்கற பின் பாதி டாக்டருக்கா? நான் முன் பாதில உக்காந்து துடுப்பு போடட்டுமா?

தூங்குமூஞ்சியைப் பத்தி நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? வாங்கின அன்னைக்குப் பேப்பர்ல அவளைச் செஞ்ச வருஷத்தைப் பாத்துட்டு, "டேய், இவ என்னைவிட சின்னவ, உன்னைவிட பெரியவடா. நடுவுல பொறந்தவ"ன்ன. நடுவுல பொறந்தவங்களை யாரும் கண்டுக்க மாட்டாங்க, அதான் காலைல எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்கறான்னும் நீதான் சொன்ன. அவளை மீன் பிடிக்கக் குடுக்கறேங்கற.

நீ கோபப்பட்டதைப் படிச்சேன். அதுக்குப் பதில் எழுதி எழுதி ரெண்டு பேப்பர் கிழிச்சுப் போட்டேன். அதை விடு இப்ப.

வேலை சொல்றேன். கேபின் உள்ள கார்ப்பெட்டை உரிச்சேன். தண்ணி போனதால காயட்டும்னுதான் உரிச்சேன். படுக்கைக்கும் குட்டி சமையல் மேடைக்கும் நடுவுல காலை வெச்சேன்க்கா, கால் உள்ள போயிடுச்சு! ப்ளைவுட்டு நனைஞ்ச ரொட்டி மாதிரி விரல்ல பிஞ்சு வருது. இது நேத்து அழுகினது இல்ல, பல வருஷமா ஜன்னல் ஓரமா ஒழுகி ஒழுகி அழுகியிருக்கு. அன்னைக்கு மட்டும் தண்ணி போகலேன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது. ஆத்து நடுவுல போகும்போது நீ டீ கப்போட அப்படியே கீழ போயிருப்ப. யோசிச்சுப் பாரு, எது பரவாயில்ல?

சரி சரி, கோவப்படாத.

அழுகினதை எல்லாம் வெட்டி எடுத்துட்டேன். புது ப்ளைவுட்டை அதே அளவுக்கு அறுத்துட்டேன், அட்டைல அச்சு எடுத்து. நாலு ஓரமும் கச்சிதம். நானே என்னைத் தட்டிக் குடுத்துக்கிட்டேன். அப்புறம்தான் தண்ணி புகாம இருக்க ரெசின் பசை பூசற வேலை. சின்னச் சின்னதா எவன் கலக்கறதுன்னு மொத்தத்தையும் ஒரே பக்கெட்ல கலக்கி, கடினமாக்கற மருந்தையும் ஊத்தி, பிரஷ்ஷை முக்கிட்டு, கேமரா கோணம் சரி பண்ணப் போனேன். (லைவ் இல்ல! சும்மா ரெக்கார்டு!) திரும்பி வந்தா பக்கெட்லருந்து புகை! கொதிக்குது! தூக்கி வெளிய மண்ணுல வெச்சேன். மெக்கானிக் அண்ணன் எட்டிப் பாத்துட்டு "உம்"னார், ஆனா இந்த "உம்" வேற மாதிரி.

உருகின பக்கெட் ஆறினதும் உரிஞ்சு வந்துடுச்சு. உள்ள ஒரே கல்லு. அது நடுவுல பிரஷ் நிமிந்து நிக்குது, நட்டு வெச்ச செடி மாதிரி. தூக்கிப் போட மனசு வரல. அதனால உனக்குப் பார்சல் அனுப்பியிருக்கேன். பேப்பர் பறக்காம இருக்க மேல வெச்சுக்கோ.

தம்பி

பி.கு.: சாப்பிடறேன்.

•

மார்ச் 1

தம்பிக்கு,

பார்சலை லேபில் வைத்துத்தான் பிரித்தேன். தப்பு பண்ணிவிட்டேன். அன்று முழுக்க யாரும் வேலை செய்யவில்லை. பிரஷ்ஷைப் பிடித்து அந்தக் கல்லைத் தூக்குகிற போட்டி நடந்தது. எங்கள் டாக்டர் தோற்றுவிட்டார். இப்போது அது என் அலமாரியில், பிளாஸ்டர் பல் மாதிரிகளுக்கு நடுவில், நிமிர்ந்து நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் "இது யாரோட பல்லு?" என்று கேட்கிறார்கள். "என் தம்பியோட மூளை" என்கிறேன்.

இதைக் கேள். நானும் நாள் முழுக்க ரெசினோடுதான் மல்லுக்கட்டுகிறேன், பல் அளவில். மருந்து கலந்த ரெசின் தன் சூட்டிலேயே வேகும். குவித்து வைத்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் இன்னும் வேகும். சின்னக் கப்பில் கொஞ்சமாகக் கலக்கு. கலந்த உடனே அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பு, அப்போது நிதானமாகப் பூசலாம். முகமூடி போட்டுக்கொள். ஜன்னலைத் திறந்து வை. ப்ளைவுட்டின் அறுத்த ஓரங்களை முதலில் பூசு, தண்ணீர் அங்கேதான் குடிக்கும்.

இதைப் படகுக்காகச் சொல்லவில்லை. யார்டு தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜன்னலை விட்டுவிட்டாயே. தரையைப் புதிதாகப் போட்டு ஜன்னல் ஒழுகினால் என்ன பயன்? கண்ணாடிச் சட்டத்தை முழுதாகக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டிவிட்டு, புதுப் பசை வை. மேலே மேலே பூசுகிற சோம்பேறித்தனம் வேண்டாம்.

டாக்டர் இரண்டாவது சனிக்கிழமை வருகிறார். நல்லபடியாகக் காட்டு. வெடுக்கென்று ஏதாவது சொல்லி வைக்காதே, தங்கமான மனிதர்.

படுக்கை மெத்தைக்கு என்ன நிறத்தில் துணி எடுத்திருக்கிறாய்? நான் அப்போது மஞ்சள் என்று சொன்னேன், நீ நீலம் என்றாய். எதுவாக இருந்தால் எனக்கென்ன. விற்கப் போகிற படகு.

அக்கா

•

மார்ச் 7

அக்கா,

மஞ்சள்.

இதை மொதல்லயே சொல்லிட்டேன். மஞ்சள் துணி எடுத்து, அம்மாவோட மிஷின்ல நானே தைச்சேன். ஒரு ஓரம் கோணல், அந்தப் பக்கம் சுவர்ப் பக்கமா போட்டுட்டேன், யாருக்கும் தெரியாது. அம்மா வந்து உக்காந்து பாத்துட்டு "வீட்டு மெத்தையைவிட நல்லா இருக்கேடா"ன்னாங்க, உடனே வீட்டு மெத்தைக்கும் தைக்கச் சொல்லிட்டாங்க. மாட்டிக்கிட்டேன்.

சின்னக் கப்பு, அகலத் தட்டு. அக்கா, வெண்ணெய் மாதிரி போச்சு! தரை இப்ப கல்லு. நான் அது மேல குதிச்சேன். மெக்கானிக் அண்ணனும் குதிச்சார். அவர் குதிச்சு நான் பாத்ததே இல்ல.

ஜன்னல் நாலையும் கழட்டிட்டேன், நீ சொன்ன மாதிரியே சுரண்டி. பழைய பசை மூணு வேற வேற கலர்ல இருந்துச்சு. நமக்கு முன்னாடி மூணு சோம்பேறிங்க இருந்திருக்காங்க. ஹோஸ் புடிச்சு தண்ணி அடிச்சுப் பாத்தேன், உள்ள டிஷ்யூ பேப்பர் ஒட்டி வெச்சு. ஒரு பேப்பர்கூட நனையல.

இன்னும் கேளு. ஒயரிங் மொத்தமும் புதுசு, ஒவ்வொரு ஒயருக்கும் பேர் எழுதி ஒட்டியாச்சு. அடியில தண்ணி சேந்தா தானா ஓடற பம்ப் ஒண்ணு போதாதுன்னு ரெண்டாவது ஒண்ணு, கொஞ்சம் உயரத்துல. மொதல்து செத்தாலும் இது முழிச்சுக்கும். இன்ஜினைக் குளிர வைக்கற தண்ணி பம்ப்ல உள்ள சுத்தற ரப்பர் சக்கரத்தைப் பாத்தா, ரெண்டு இறக்கை ஒடிஞ்சு காணோம்! காணாமப் போன ரப்பர் துண்டைத் தேடிப் புடிக்கறதுக்குள்ள எனக்கு உயிரே போச்சு. குழாய் வளைவுல ஒளிஞ்சிருந்துச்சு. விட்டிருந்தா தண்ணி அடைச்சு இன்ஜின் வெந்திருக்கும். புது சக்கரம் போட்டாச்சு. புது லைட். கேபின்ல ராத்திரி புக் படிக்கலாம், உன் தலைமாட்டுல தனி சுவிட்ச்.

மூடி இனிமே சாவியோடயே கட்டியிருக்கும். சாவியை எடுத்தா மூடி கைல தொங்கும். எப்படி என் ஐடியா?

கரையிலயே ஹோஸ்ல தண்ணி குடுத்து இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன் தினமும். எழுந்திரிக்கறா, முனகிக்கிட்டே. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி யாராவது கேக்கணும்ல, அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கேன். என்னன்னு சொல்ல மாட்டேன்.

இப்ப என் திட்டம். உன்கிட்ட ஒளிக்க மாட்டேன். டாக்டர் வரட்டும். தூங்குமூஞ்சியோட எல்லா நோயையும் காட்டப் போறேன். கேபின் வாசனை, கதவு கிறீச்சு, இன்ஜின் முனகல், ஏணில ஆடற படி, எல்லாம். ரெண்டாவது பம்ப்பைப் பத்தி வாயே திறக்க மாட்டேன். மனுஷன் தலை தெறிக்க ஓடிடுவார். நீ என்ன வேணா பண்ணிக்கோ.

தம்பி

•

மார்ச் 11

தம்பிக்கு,

சாவியோடு கட்டுவதா? மண்டு. சாவியை நீ எப்போது எடுப்பாய்? படகு தண்ணீருக்குள் இறங்கிய பிறகு. அதற்குள் பாதி ஆறு உள்ளே வந்திருக்கும். டிரெய்லரில் படகை இழுத்துப் பிடிக்கிற கம்பி சுற்றும் கைப்பிடி இருக்கிறதே, அதில் கட்டு. அதைத் தொடாமல் படகை இறக்கவே முடியாது. அப்போது மூடி உன் மூக்குக்கு நேரே ஆடும்.

மஞ்சள் எந்த மஞ்சள்? எலுமிச்சையா, கடுகா?

உன் திட்டம் எழுதியிருந்த பக்கத்தில் டீ கொட்டிவிட்டது. என்னால் படிக்க முடியவில்லை.

அக்கா

•

மார்ச் 15

அக்கா,

நான் ஒரு முட்டாள். நானே என் வாயால வித்துட்டேன்.

சனிக்கிழமை டாக்டர் வந்தார். தொப்பி, ரப்பர் பூட்ஸ், புதுத் தூண்டில் வேற. நான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு ரெடியா இருந்தேன். ஏணில ஏறினார், படி ஆடிச்சு. "ஆடுதே தம்பி"ன்னார். "ஆடும் சார், எல்லாமே ஆடும்"னேன். சூப்பரா போயிட்டு இருந்துச்சு. கதவு கிறீச்சுன்னுச்சு. "பழசு சார், ரொம்பப் பழசு"ன்னேன்.

அப்புறம் உள்ள வந்தாரு, தரையில காலைத் தட்டிப் பாத்தாரு. "தரை கெட்டியா இருக்கே?"ன்னார்.

அக்கா, நான் என்ன பண்ணுவேன் சொல்லு? அவர் தரையைக் கேட்டுட்டார்.

"குதிங்க சார்"னேன்.

அவர் குதிச்சார். நானும் குதிச்சேன். அப்புறம் எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. அட்டை அச்சுலருந்து ஆரம்பிச்சு, சின்னக் கப்பு, அகலத் தட்டு, ஓரத்தை மொதல்ல பூசணும்னு சொன்னது யார்னு எல்லாம் சொன்னேன். ஜன்னலைக் காட்டினேன். ஹோஸ் எடுத்து அவர் கைல குடுத்து "அடிங்க சார்"னேன், அடிச்சார், உள்ள ஒரு சொட்டு இல்ல. மெக்கானிக் அண்ணன் பின்னாடி நின்னு "உம்... உம்..."னு எனக்கு ஜாடை காட்டறார், போதும்டான்னு. நான் நிறுத்தல. ரெண்டாவது பம்ப்பைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்னு இருந்தேன்ல? அடி ஓட்டையைத் துணியால அடைச்சுட்டு, பக்கெட் பக்கெட்டா தண்ணி உள்ள ஊத்தி அதை ஓட விட்டே காட்டினேன்! பம்ப் ஓடினதும் டாக்டர் கை தட்டினார். நான் குனிஞ்சு வணக்கம் வேற வெச்சேன்.

அப்புறம் மெத்தைல உக்காந்து, தலைமாட்டு லைட்டைப் போட்டு அணைச்சு போட்டு அணைச்சு, "அருமை"ன்னார். அது உன் சுவிட்ச்.

கடைசியா "ஸ்டார்ட் பண்ணலாமா?"ன்னார். நான் தினமும் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி என்ன பண்ணுவேனோ அதைப் பண்ணினேன். அது... அதை விடு. ஸ்டார்ட் ஆச்சு. ஒரே தடவைல! முனகல்கூட இல்ல! துரோகி.

போகும்போது அவர் என் தோளைத் தட்டி, "இவ்வளவு பிரமாதமான படகை எதுக்குப்பா விக்கறீங்க?"ன்னார். "நடுவுல பொறந்தவ சார், எங்க ரெண்டு பேருக்கும்"னு சொல்லி வெச்சேன். ஏன் சொன்னேன்னு தெரியல.

இப்ப அவர் உன்கிட்ட வந்து வாங்கிக்கறேன்னு சொல்வார். சொன்னா சரின்னுடு. உன் கோவம் நியாயம். நீ எழுதினதை நான் தினமும் படிக்கறேன். நான் திரும்பிப் பாத்திருக்கணும்.

கடுகு மஞ்சள்.

தம்பி

•

மார்ச் 20

தம்பிக்கு,

டாக்டர் திங்கட்கிழமை வந்ததும் வராததுமாக என் மேஜைக்கு வந்தார். இன்னும் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன், ஏனென்றால் நீ இதை மட்டும் விட்டுவிட்டாய்.

"ஸ்டார்ட் பண்ணலாமான்னு கேட்டேம்மா. உங்க தம்பி போனை எடுத்து ஸ்டியரிங் பக்கத்துல சாய்ச்சு வெச்சார். ஏதோ பழைய வீடியோ, உங்க குரல் வந்துச்சு. 'டேய், மூடி போட்டியா?' அவர் போனை நிறுத்திட்டு, ஏணில இறங்கி, பின்னாடி போய், குனிஞ்சு, அந்த ஓட்டையைக் கையால தொட்டுப் பாத்துட்டு மேல வந்து, போனைப் பாத்து, 'இல்லக்கா, கரையிலதான் இருக்கோம். மூடி டிரெய்லர் கைப்பிடில தொங்குது'ன்னார். நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல. மறுபடி போனை ஓட விட்டார். 'ஃபேன் போட்டியா?' எழுந்து போய்ப் போட்டுட்டு, பெட்டி மேல கையை வெச்சுப் பாத்துட்டு வந்து, 'ஓடுதுக்கா.' 'மோந்து பாத்தியா?' முட்டி போட்டு இன்ஜின் பெட்டிக்குள்ள மூக்கை விட்டு, ரொம்ப நேரம் மோந்து பாத்துட்டு, 'சுத்தமா இருக்குக்கா.' மூணுக்கும் எழுந்து போனார். உக்காந்த எடத்துலருந்து ஒண்ணுக்குக்கூட பதில் சொல்லல. தினமும் இப்படித்தானான்னு அந்த மெக்கானிக்கைக் கேட்டேன். 'உம்'னார்."

நான் பின் அறைக்குப் போய்விட்டேன். ஒருவருடைய மேல் வரிசைப் பல்லை எடுத்து இன்னொருவருடைய கீழ் வரிசையோடு பொருத்திக்கொண்டிருந்தேன். ஏன் பொருந்தவில்லை என்று ரொம்ப நேரம் ராவிக்கொண்டும் இருந்தேன். அந்தப் பல்லைத் திரும்பச் செய்ய வேண்டும். உன்னால்தான்.

பிறகு வெளியே வந்து டாக்டரிடம், "விக்கலை சார். மன்னிச்சுடுங்க" என்றேன்.

"தெரியும்மா" என்றார். "மூணு பேர் இருக்கற குடும்பத்துல நடுவுல உள்ளவளை மட்டும் எப்படி வாங்கிட்டுப் போறது?" தூண்டிலை மட்டும் வீணாக்க முடியாதாம். ஒரு நாள் நாம் அவரைக் கூட்டிப் போக வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன். பூட்ஸையும் கழற்றிவிட்டார்.

எனக்கு ஏப்ரல் முதல் வாரம் லீவு கொடுத்திருக்கிறார். வருகிறேன். கடுகு மஞ்சள் என்றால் நான் சொன்ன மஞ்சள்தான், ஆனால் கோணல் ஓரத்தைப் பிரித்துத் தைக்க வேண்டும். சுவர்ப் பக்கம் என்றாலும் எனக்குத் தெரியும்.

போனில் இன்னும் பிளாக்தான். உன் கடிதங்கள் நன்றாக இருக்கின்றன. போனில் நீ இவ்வளவு சொல்ல மாட்டாய். குடும்ப குரூப்பில் இருக்கிறேன், அம்மாவிடம் சொல், விரலுக்கு ஓய்வு கொடுக்கட்டும்.

நான் வருவதற்குள் தூங்குமூஞ்சியை ஆற்றில் இறக்கி வைத்திரு. அதனால் இப்போதே கேட்கிறேன், நேருக்கு நேர்:

டேய், மூடி போட்டியா?

அக்கா

•

மார்ச் 25

அக்கா,

உன் லெட்டரைப் படிச்சுட்டு யார்டு முழுக்க ஓடினேன். மெக்கானிக் அண்ணன் "என்னடா?"ன்னார். ஆமாக்கா, வார்த்தை! ரெண்டெழுத்துக்கு மேல! அவருக்கு லெட்டரை வாசிச்சுக் காட்டினேன். பல்லு பொருந்தாத எடத்துல சிரிச்சு, அப்புறம் கண்ணாடியைத் துடைச்சார். தூசியாம்.

கோணல் ஓரத்தைப் பிரிச்சு வெச்சிருக்கேன். நீயே தைச்சுக்கோ. அம்மா விரல் ஓகே. கேபின்ல டீ போட அடுப்பு ரெடி, ஆடற ஏணிப் படியையும் இறுக்கிட்டேன். லைவ் கிடையாது. போனை வீட்டுலயே வெச்சுட்டு வரேன். அன்னைக்கு அது எதுக்கு?

உன் கேள்விக்குப் பதில்.

உடனே எழுதல. எழுந்து போனேன். ஏணில இறங்கி, பின்னாடி போய், குனிஞ்சு, கையால தொட்டுப் பாத்துட்டு வந்துதான் எழுதறேன்.

இல்லக்கா. போடல.

இறக்கவும் மாட்டேன். இந்த லெட்டர் வந்த கவரைக் கவுத்துத் தட்டிப் பாரு. மூடி அதுலதான் இருக்கு. ஸ்பேர் மூடியும் அதுலதான் இருக்கு, நான் அவசரப்பட்டுடக் கூடாதுன்னு. இந்த யார்டுல இப்ப அந்த ஓட்டைக்குப் பொருந்தற மூடி ஒண்ணுகூட கிடையாது. நீ வந்து உன் கையால திருகினாதான் தூங்குமூஞ்சி தண்ணியைப் பாப்பா.

இந்த தடவை நான் கேப்பேன். நீ திரும்பிப் பாத்து பதில் சொல்லு.

கோட் பாக்கெட்ல மட்டும் வெச்சுடாத.

தம்பி